கற்பூரத்தில் வைத்த கை

ஜூலை 7, திங்கள்

றுஷ்னா இன்று வேலைக்கு வந்தாள். கை ஆறிவிட்டது, தோல்தான் வேறு நிறம். முதலாளி சிவபாலன், "இப்ப ஆள் தேவையில்லை, பிள்ளை, பிறகு சொல்லி அனுப்புறன்" என்றார். எங்கள் வெள்ளவத்தைச் சமையல்கூடத்தில் ஆள் போதாமல் நான் ஒருத்தியே இடியப்பமும் அவித்துச் சம்பலும் அரைக்கிறேன்.

அவளைச் சுட்டது இடியப்ப ஸ்டீமரின் ஆவி. மூடியின் பிடி கழன்று கிடந்தது. வருஷப் பிறப்புக்கு முதல் கிழமையே முதலாளியிடம் சொன்னேன். "ஓம் அம்மா, நாளைக்கு" என்றார். பச்சைச் சட்டை போட்டிருந்தார்.

ஜூலை 8

பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து, என்னோடு வேலை செய்கிற பிறிஜெற் கேட்டாள். சங்கம் பதிய ஏழு பேர் கையெழுத்து வேணுமாம். ஆறு பேர் வைத்தாயிற்று. "நீங்களும் வைச்சால், றுஷ்னாவைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சங்கமாக் கேக்கலாம் அக்கா."

மாட்டேன் என்றேன்.

றுஷ்னாவுக்காக வைக்கலாம். ஆனால் பேப்பரை நீட்டுகிறது பிறிஜெற். என் மகள் சுபோதினியின் கலியாணத்துக்கு வந்து, முன்வரிசையில் இருந்து, சாப்பிடாமல் போனவள். விரதமாம். அன்று பின்னேரம் காலி வீதிக் கடையொன்றில் கொத்துரொட்டி சாப்பிட்டதை என் தம்பி கண்டிருக்கிறான். கோழிக் கொத்து.

ஜூலை 9

சங்க விஷயத்தை முதலாளி எப்படியோ மணந்து பிடித்துவிட்டார். எல்லாருக்கும் பற்றீஸ் தந்தார். பற்றீஸ் செய்கிற எங்களுக்கு, பக்கத்துக் கடைப் பற்றீஸ். உப்புக் காணாது.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிப் பூசை முடிய, "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்றார். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு என்னையும் கூப்பிட்டவர்தான். பாத்திரம் கழுவ.

பிறகு, "சங்கத்திலை சேரேல்லை எண்டு ஒவ்வொருத்தராக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பிறிஜெற், "நான் வேதக்காரி. எனக்கு இது செல்லாது" என்றாள்.

"அப்ப மாதா மேலை பண்ணு."

"மாதா கொட்டாஞ்சேனையிலை. பஸ்ஸுக்குத் தாங்கோ, போய்ப் பண்ணிப்போட்டு வாறன்."

அடுத்தது கறிக்கார இராமர். கையெழுத்து வைத்தவன். பிள்ளையாருக்குப் பொய் சொல்ல மாட்டான், முதலாளிக்கு உண்மையும் சொல்ல ஏலாது. "விலகு" என்றுவிட்டு நான் உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "நான் சேரேல்லை." உண்மைதானே.

"பாத்தீங்களோ, சிவக்கொழுந்தம்மாவே பண்ணிப்போட்டா!" என்று அடுத்த கட்டியைத் தேடினார். பெட்டி வெறும் பெட்டி. கற்பூரத்திலும் சிக்கனம் பிடிக்கிறவர். இராமர் தப்பினான்.

பிறகுதான் எரியத் தொடங்கியது — கை அல்ல. என்னட்டைச் சத்தியம் கேக்கிறான்! இவன்ரை தேப்பன் என்னை நம்பித் திறப்பைத் தந்து கடையைப் பூட்டச் சொன்ன மனுஷன். என்ரை புருஷன்கூட என்னட்டைச் சத்தியம் கேட்டதில்லை. என்னை ஆரெண்டு நினைச்சவன்? இனி இந்த டயறியில் இவனுக்கு 'அவர்' கிடையாது.

பிறிஜெற்றிடம் போய், "கொண்டா பேப்பரை" என்றேன்.

"அக்கா, இப்பதானே சத்தியம் பண்ணினீங்கள்?"

"அது பூசை நேரம். இது தேத்தண்ணி நேரம்."

பேனை பட்ட இடம் எரிந்தது. என் பெயர் நீளம். முழுவதும் எழுதினேன்.

ஜூலை 29, செவ்வாய்

சங்கத்தின் கடிதம் முதலாளிக்குப் போய்விட்டது. ஏழு பெயரையும் வாசித்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். "அம்மா, பிள்ளையாருக்கு முன்னாலை பொய் சொல்லிப்போட்டீங்களே."

"அண்டைக்குச் சேரேல்லை, தம்பி. நீங்கள் சத்தியம் கேட்ட பிறகுதான் சேந்தனான்."

நாளையிலிருந்து அவனுடைய தெஹிவளைக் கிச்சினில் பாத்திரம் கழுவட்டாம்.

ஓகஸ்ட் 5

தெஹிவளையில் கடல் காற்று நல்லது. இங்கே ஒன்பது பேர் வேலை. சங்கம் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

ஓகஸ்ட் 14

ஒன்பது பேரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். முதலாளி போன் எடுத்தான். என்னை உடனே வெள்ளவத்தைக்குத் திரும்பி வரட்டாம்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

தொழில் திணைக்களக் கந்தோரில் இருபக்கமும் இருந்து கதைத்தது முடிந்தது, றுஷ்னா திரும்ப வேலையில். ஸ்டீமருக்குப் புது மூடி வந்திருக்கிறது. றுஷ்னாதான் திறந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பூசைக்கு ஊதுபத்தி மட்டும்தான். கற்பூரத்தை முதலாளி நிறுத்திவிட்டான்.

மத்தியானம் றுஷ்னா வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தாள். நானும் இடியப்பமும் சொதியும் எடுத்து வைத்தேன். பிறிஜெற் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டாள். போட்டேன்.

இன்று அவளுக்கு விரதம் இல்லைப்போல.