ஐந்தாவது மீன்

தோக்கெலாவ்
6 பிப்ரவரி 1984

அன்புள்ள லோயிமாதா அக்காவுக்கு,

கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கிறது. சரக்குப் படகு திரும்புவதற்குள் இதை முடித்துக் கொடுத்தாக வேண்டும். நீ அனுப்பிய டின் இறைச்சியும் கம்பளியும் வந்து சேர்ந்தன. கம்பளி எதற்கென்றுதான் தெரியவில்லை. போரிருவாவில் குளிர்ந்தால் உலகம் முழுக்கக் குளிரும் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

என்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். என் பக்கத்தையும் கேள். பள்ளிக்கூடமும் கோயிலும் தவிர வேறெங்கும் போகாமல் வீட்டுக்குள் இருக்கும்படி மூப்பர் சபை எனக்குக் கட்டளை போட்டிருக்கிறது. குற்றம் இதுதான்: ஊர் வேலைக்கு ஆசிரியர்களும் வர வேண்டும் என்றார்கள். கரைக்குக் கல் அடுக்க, மீனுக்குப் போக, எல்லாவற்றுக்கும். நான் அரசாங்க ஊழியன், எனக்குச் சம்பளம் வெலிங்டனிலிருந்து வருகிறது, ஊர் ஆட்களில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐ.நா. சபையிலிருந்து ஆட்கள் வந்தபோது மட்டும் என் படிப்பு தேவைப்பட்டது. நாள் முழுக்க நின்று மொழிபெயர்த்தேன். "உங்களுக்குச் சுதந்திரம் வேண்டுமா?" என்று அவர்கள் கேட்டார்கள். நம் பெரியப்பா மகன் பெனேஹே எழுந்து, "அது இருக்கட்டுங்க, அடுத்த கப்பல் எப்போ வரும்னு சொல்லுங்க" என்றான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மொழிபெயர்த்தவனுக்கு ஓர் இளநீர்கூட யாரும் வெட்டித் தரவில்லை.

இப்போது மீன் பங்கு பிரிப்பவனும் அந்தப் பெனேஹேதான். தலைக்கு ஒரு சூரை மீன் வீதம் வீட்டுக்கு ஐந்து வருகிறது: நான், என் மனைவி லுஹியா, தம்பி ஃபலானி, அவன் மனைவி பெலே, அவர்களுடைய கைக்குழந்தை. என்னை ஒதுக்கி வைத்தவர்களே எனக்கும் மீன் அனுப்புகிறார்கள். கூடையைத் திருப்பி அனுப்பத்தான் தோன்றுகிறது. லுஹியா விடமாட்டேன் என்கிறாள்.

ஊர் மீன்பிடிப்புக்கு என் இடத்தில் ஃபலானி போகிறான். "நீங்க பேசாம இருங்கண்ணே, ரெண்டு பேர் வேலையையும் நானே பாத்துக்கறேன்" என்கிறான். அவன் பிடிக்கிற மீனில் அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று நம்புகிறான்.

படகிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

உன் தம்பி,
தினியேலு


போரிருவா
2 மார்ச் 1984

அன்புத் தம்பி தினியேலுவுக்கு,

கம்பளியை லுஹியாவிடம் கொடு. மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி வரும், உனக்கு எங்கே தெரியப்போகிறது.

இங்கே எல்லோரும் நலம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்குக் காலை வேலை. காற்று ஆளைத் தூக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடி ஆடினோம். தாளம் போடும் மரப்பெட்டியில் என் பேரன் தாளம் தவறி அடித்துக்கொண்டே இருந்தான்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நீ உட்கார்ந்திருக்கும் வீட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாமே கடல். சட்டம் எதில் ஏறிப் போகும்? ஒரு நாள் இறங்கிப் போய் அவர்களோடு துடுப்புப் பிடி. அக்கா கேட்கிறேன்.

ஃபலானியைப் பற்றி எனக்குப் பயமாக இருக்கிறது. மீன் கூட்டத்தின் மேல் பறவைகளைக் கண்டுவிட்டால் மற்றப் படகுகள் எங்கே இருக்கின்றன என்று திரும்பிப் பார்க்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவனை அதட்ட ஓர் ஆள் வேண்டும். அது நீதான்.

அன்புடன்,
லோயிமாதா


தோக்கெலாவ்
11 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

வானொலித் தந்தியில் உனக்குச் செய்தி கிடைத்திருக்கும். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது.

அன்று வானத்தில் ஒரு குறையும் இல்லை. ஊர்ப் படகுகளோடுதான் ஃபலானியும் தன் அலுமினியப் படகில் போனான். தெற்கே பறவைகள் தெரிந்தன. துரத்திக்கொண்டு போயிருக்கிறான். மேற்கிலிருந்து மழை இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. மழை விட்டபோது மற்ற எல்லாப் படகுகளும் இருந்தன.

நம் தீவைத்தான் உனக்குத் தெரியுமே. தென்னை மர உயரத்தைத் தவிர வேறு உயரம் கிடையாது. கொஞ்சம் விலகிப் போனால் கடலோடு கடலாக மறைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எல்லோரும் தேடப் போனார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு தீவுகளிலிருந்தும் படகுகள் போயின. வெள்ளைக்காரர்களின் விமானமும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நானும் வருகிறேன் என்று கரைக்கு ஓடினேன். பெனேஹே என்னை நிறுத்தினான். "கட்டளை கட்டளைதான் வாத்தியாரே. அதுவுமில்லாம உங்களுக்குக் கடல் பழக்கம் விட்டுப் போச்சு. உங்களையும் நாங்க தேட முடியாது" என்றான். அத்தனை பேர் முன்னால். அவனை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஃபலானியின் பங்கு நிற்கவில்லை. எப்போதும் போல ஐந்து மீன் வருகிறது. அவனுடையதைப் பெலே தனியாகச் சுட்டு, இலையில் சுற்றி, உத்திரத்தில் தொங்கவிடுகிறாள். மறுநாள் அதை எடுத்துப் பன்றிக்குப் போட்டுவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறாள்.

கூடை வரும் நாளெல்லாம் மீனை எண்ணிப் பார்க்கிறேன். செத்தவனுக்குப் பங்கு கிடையாது அல்லவா. சபை அவனைக் கைவிட்டால் அதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கூடைதான் சொல்லும்.

தினியேலு


போரிருவா
4 மே 1984

அன்புத் தம்பிக்கு,

நேற்று சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மேற்பார்வைக்காரி வந்து என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

பெலேயைத் தனியே விடாதே. அவள் சாப்பிடுகிறாளா என்று பார். குழந்தைக்கு இருமல் என்று யாரோ சொன்னார்கள், மருந்து வைத்திருக்கிறேன்.

குடும்பத்தின் மூத்த பெண் என்று சபையிலிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. யோசித்து, ஜெபித்து, பதில் சொல்லிவிட்டேன். என்ன கேள்வி, என்ன பதில் என்று இப்போது எழுத மனம் வரவில்லை. கொஞ்சம் பொறு.

லோயிமாதா


தோக்கெலாவ்
9 ஜூன் 1984

அக்கா,

கூடையில் நான்கு மீன் வந்தது.

நான்தான் வாசலில் வாங்கினேன். கொண்டுவந்தவன் கூடையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான். புரட்டிப் பார்த்தேன். இலையைத் தூக்கிப் பார்த்தேன். நான்குதான்.

பெலே பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இன்னைக்கு நாலா அத்தான்?" என்றாள். "மீன் குறைவு" என்றேன். "பக்கத்து வீட்டுக்கு எப்பவும் போலத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு போனாள். அன்று உத்திரத்தில் எதையும் தொங்கவிடவில்லை.

அடுத்த முறை மீன் கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தார்கள், எண்ண வழியில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கடுத்த முறை மறுபடியும் நான்கு.

லுஹியா போய்ப் பெனேஹேயிடம் கேட்டாள். "சபை சொன்னபடி கொடுக்கறேன் அண்ணி. யாரோடதுன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல" என்றானாம். வேறெதற்கும் அவனுக்கு வாய் இல்லாமல் போனதில்லை.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. குறைந்தது ஒரு தலை. அது ஃபலானியின் தலைதான் என்று யார் சொன்னது? அது என்னுடையதாகவும் இருக்கலாமே. ஊர் வேலைக்குப் போகாதவன், மூப்பர்களை எதிர்த்து எழுதிக் கொடுத்தவன். உயிரோடு இருக்கும் ஒருவனின் பங்கை நம் தீவில் இதுவரை யாரும் வெட்டியதில்லை. அப்படி ஓர் அவமானத்தை எனக்குச் செய்துவிட்டார்கள் என்றால், ஃபலானி இன்னும் அவர்கள் மனதில் உயிரோடு இருக்கிறான் என்று பொருள்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். கூட்டத்தில் எனக்குப் பின்வரிசையில் பாய் போட்டதைக்கூட வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருப்பவன். இப்போது மாலை ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, வெட்டப்பட்டது என் பங்காக இருக்கட்டும் என்று கேட்கிறேன். கேட்டு முடித்ததும் பயம் வந்துவிடுகிறது, அப்படி இல்லாமல் போனால் என்று.

இந்தக் கப்பலில் உன் கடிதம் எதுவும் வரவில்லை. சபையிடம் நேராகக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. கேட்டு எழுது. எதுவானாலும் எழுது.

தினியேலு


போரிருவா
6 ஜூலை 1984

அன்புத் தம்பி தினியேலுவுக்கு,

நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது உன் பங்குதான். வெட்டச் சொன்னது நான்தான்.

ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள், ஒருவனும் வேலைக்கு வருவதில்லை, இரண்டு பேருக்கும் பங்கு போகிறது என்று இளைஞர்கள் முணுமுணுக்கிறார்களாம். ஃபலானிக்குத் துக்கம் முடித்து அவன் பங்கை நிறுத்தலாமா என்று சபை என்னைக் கேட்டது. கூடாது என்றேன். ஒரு தலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டுக்குள் இருப்பவனை எடுங்கள், கடலில் இருப்பவனை எடுக்காதீர்கள் என்றேன். ஊர் ஆட்களில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று அவனேதானே எழுதிக் கொடுத்திருக்கிறான், அப்படியே செய்யுங்கள் என்றேன்.

யாருடைய பங்கு என்று உனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் நான்தான் கேட்டுக்கொண்டேன். நானே எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன். போன கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. அதற்குள் நீங்கள் எல்லோரும் இப்படித் தவிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

நீ கோபப்படுவாய். என்னோடு பேசாமல் இருந்துவிடுவாய் என்றுகூடப் பயமாக இருக்கிறது. இருந்துகொள். ஆனால் பெலேயிடம் மட்டும் உடனே சொல்லிவிடு.

அக்கா,
லோயிமாதா


தோக்கெலாவ்
20 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட வாசலில் நின்றே படித்தேன். ஒரு நிமிஷம் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன், பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் வெட்டச் சொன்னது யார் என்பது உறைத்தது. இதை நான் மறக்க மாட்டேன். மறக்காமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போனேன். ஆட்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கட்டளையை மீறி வந்தவனை யாரும் தடுக்கவில்லை. பெனேஹே தலையை மட்டும் நிமிர்த்தினான்.

"என்ன வாத்தியாரே, வெலிங்டன்லேருந்து உத்தரவு வந்துடுச்சா?"

"போரிருவாவிலேருந்து வந்திருக்கு."

"அது பெரிய கவர்ன்மெண்ட் ஆச்சே!" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "நடுவுல உக்காருங்க. எழுந்து நிக்காதீங்க. வாந்தி வந்தா காத்து போற பக்கமா எடுங்க."

பாறை இடுக்கைத் தாண்டி அலை படகைத் தூக்கியபோது பலகையைப் பிடித்த பிடியை என் கைகளால் விடவே முடியவில்லை. வெளியே போனபின் தீவு ஒரு கோடாகி, அந்தக் கோடும் இல்லாமல் போனது. மற்றவர்கள் பறவைகளைப் பார்த்தார்கள். நான் தண்ணீரையே பார்த்தேன். வெள்ளையாக எது மின்னினாலும் அலுமினியமோ என்று எட்டிப் பார்த்தேன். மனிதன் இதில் தனியாக எப்படி இருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

திரும்பியதும் மீன்களைக் கரையில் பரப்பிப் பங்கு வைத்தார்கள். பெனேஹே நம் வீட்டைக் கூப்பிட்டான். இந்த முறை கூடையை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

பெலேயிடம் உடனே சொல்லிவிடு என்று நீ எழுதியிருந்தாய். சொல்லவில்லை. சொல்லாமலேயே கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கூடையை அடுப்பங்கொட்டகையில் வைத்துவிட்டுக் கால் கழுவ வெளியே வந்தேன். அவள் எண்ணியிருக்கிறாள். மறுபடி எண்ணியிருக்கிறாள். கையில் செதிலோடு ஓடி வந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் மார்ச் மாதத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

"அஞ்சு இருக்கு அத்தான். வந்துட்டாரா? எங்க இருக்காரு?"

என் பின்னால் வாசலைப் பார்த்தாள். என்னைத் தாண்டிக் கரையைப் பார்த்தாள்.

கூடியது என் பங்கு, வந்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது அக்கா? லுஹியா வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை நான் ஈரக் காலோடு அப்படியே நின்றேன்.

பிறகுதான் பெலேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது மீன் மறுபடியும் உத்திரத்தில் தொங்குகிறது. என்றைக்கு நிறுத்துவது என்று சபை இனியும் உன்னைத்தான் கேட்கும். என்னைக் கேட்காதே. அவர்கள் கேட்கும்போதெல்லாம் போன முறை சொன்ன பதிலையே சொல். தேவைப்பட்டால் என் பங்கைக் கொடு.

நாளை மறுபடியும் படகு போகிறது. நானும் போகிறேன்.

தம்பி,
தினியேலு