வெட்டச் சொன்ன பக்கங்கள்

எசன், ஜெர்மனி,
புதன்கிழமை

அன்பு மகள் கவிசாவுக்கு,

இங்கே நான், அப்பா, தம்பி நிசாந் மூவரும் நல்ல சுகம். ஆபிரிக்காவில், பெனினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் காலையில் விளக்கேற்றுகிறேன். கதைகள் பதிவுசெய்ய நீ வடக்குப் பக்கக் கிராமங்களுக்குப் போனதிலிருந்து உன் போன் எடுபடவில்லை. சனிக்கிழமை நாவலாசிரியை செனாமி அங்கே கோட்டோனுவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் முழங்காலுக்கு ஒருவழியாக டொக்டரிடம் டெர்மின் கிடைத்துவிட்டது. நிசாந்துக்கு அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி பிடித்துப்போய்விட்டது, ஆனால் வேலைச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வருவதை மட்டும் விடுகிறானில்லை.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நீ ஜெர்மனுக்கு மொழிபெயர்த்த செனாமியின் நாவலில் அந்த ஊர்க்கதைகள் வரும் பக்கங்களை வெட்டச் சொல்லிப் பதிப்பகத்து அன்னா கேட்டதும், மாட்டேன் என்றால் புத்தகமே நின்றுவிடுமோ என்று நீ போனில் அழுததும் என் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் நூலகத்தில் செனாமி வாசிக்கிறார் என்றதும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அன்னாவும் முன்வரிசையில் இருந்தார். செனாமி நல்ல ஜெர்மனில் பேசினார். பள்ளிக்கூடத்தில் தாய்மொழியான ஃபோன் மொழியில் பேசினால் அடி விழுந்த காலத்தில் படித்தவர்கள்தான் தன் நாட்டின் முன்னோடி எழுத்தாளர்கள் என்றார். அவர்கள் எழுதியது பிரெஞ்சு, ஆனால் வரிகளுக்கு நடுவே வீட்டுக் கதைசொல்லி தொண்டையைச் செருமுவது கேட்கும் என்றார். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பெண் கேட்கப் புறப்பட்ட ஆமையின் கதையை வாயாலேயே சொல்லத் தொடங்கினார். தங்கள் ஊரில் கேட்பவர்கள் பதில் குரல் கொடுத்தால்தான் கதை நகரும் என்று சொல்லி நிறுத்தினார். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை, எல்லாரும் கோயிலில் இருப்பதுபோல் மரியாதையாக இருந்தார்கள். அவர் முகம் வாடத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை பிள்ளை, என்னை அறியாமலே உரக்க "உம்" என்றேன். "என்னப்பா, சும்மா இரும், எல்லாரும் பாக்கினம்" என்று அப்பா என் கையைப் பிடித்தார். செனாமி என் பக்கம் திரும்பி ஆமையை ஓரடி நகர்த்தினார். நான் மறுபடி "உம்" என்றேன். ஆமை ஆற்றைக் கடப்பதற்குள் பின்வரிசைப் பிள்ளைகள் தொடங்கி, கடைசியில் மண்டபம் முழுவதும் சேர்ந்துவிட்டது. உன் அப்பாவின் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிது.

முடிந்ததும் செனாமி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் உன் அம்மா என்றதும் இன்னொருமுறை கட்டிக்கொண்டார். அன்னா அருகில் வந்து, இங்கே சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தாளில் வாசிப்பவர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார் என்றார். செனாமி கோபப்படவில்லை. மெதுவாக, அந்தப் பக்கங்கள் தன் தாயின் பேச்சு என்றும், தாயை வாசலில் நிறுத்திவிட்டு இந்த நாட்டுக்குள் தான் மட்டும் வரமுடியாது என்றும், வேண்டாமென்றால் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அன்னாவின் முகம் சிவந்துவிட்டது. வரும் வழியெல்லாம், உன் உழைப்பெல்லாம் வீணாகிவிட்டதோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று அப்பாவிடம் புலம்பினேன். "செனாமி சொன்னது நியாயம். பிள்ளையும் அதைத்தான் சொல்லியிருப்பாள்" என்றார் அவர்.

நேற்று அன்னா வீட்டுக்குப் போன் எடுத்தார். உன்னைப் பிடிக்க ஏலாமல் செனாமியிடம் எங்கள் எண்ணை வாங்கினாராம். அந்தப் பக்கங்களை வீட்டில் உரத்து வாசித்துப் பார்த்தாராம், பிறகு மேலிடத்தில் சண்டை பிடித்தாராம். ஒரு வரியும் வெட்டவில்லை கவிசா. வெளியீடு மட்டும் அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போகிறது. மொழிபெயர்த்தவர் என்று உன் பெயர் முன்னட்டையிலேயே வருமாம். அப்பா போனை என்னிடமிருந்து பறித்து, "முழுப் பேரும் போடுங்கோ, கவிசா மகேந்திரராஜா, சுருக்காதேங்கோ" என்று முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். முப்பது வருசமாக வேலையிடத்தில் அவரை எல்லாரும் மகி என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒருநாளும் அவர் திருத்தியதில்லை. போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மலேரியாக் குளிசையை மறக்காதே, கொதிக்கவைத்த தண்ணீரையே குடி. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நீண்டகாலம் நல்லாயிருக்க வேணும்.

அன்புடன்,
உன் அம்மா நேசமலர்