ஸ்பீக்கர் சத்தம் இருக்கட்டும்

திருப்பூர்,
4-2-2008, திங்கட்கிழமை

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், லூதியானாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் அதுவே எனக்குப் போதும். பயலுக்குக் காதை மூடித் தொப்பி போடு, ஸ்வெட்டர் செய்கிற ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஸ்வெட்டர் பத்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. போன வாரம் போனில் நீ செல் நம்பரை மாற்றப்போகிறேன் என்று சொன்னதும் நான் மாற்றாதே மாற்றாதே என்று கத்தினேன், ஏம்மா என்று நீ கேட்டதும் லைன் கட்டானது, ஞாபகம் இருக்கிறதா, லைன் கட்டாகவில்லை கண்ணு, நான்தான் ரிசீவரை வைத்தேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிக்காமல் நம்பரை மாற்றினாயோ நானும் உன்னோடு பேச மாட்டேன், இந்த வீட்டில் உன்னோடு பேசாமல் இருக்க ஒரு ஆள் பத்தாது என்றால் இரண்டு பேராக இருந்துவிட்டுப் போகிறோம்.

எல்லாம் உன் அறையில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரால் வந்தது. மாப்பிள்ளை கூரியரில் அனுப்பினாரே சி.டி., குட்டிப்பயல் குளிக்கும்போது சிரிக்கிற வீடியோ, அதை உங்கப்பா கம்பெனிக்குப் போனதும் போட்டுப் பார்ப்பதுதான் எனக்குத் தினமும் வேலை. பார்க்கத்தான் முடிந்ததே ஒழிய கேட்க முடியவில்லை. பெட்டியைப் போட்டதும் ஹோவென்று ஒரு இரைச்சல், கூடவே கடகடவென்று ஒரு ஆட்டம், அதற்கு நடுவில் பச்சைப்பிள்ளை சிரிப்பு எங்கே கேட்கும். பயல் வாயைத் திறக்கிறான், எனக்கு ஹோ என்றுதான் கேட்கிறது. பெற்ற மகளைப் பார்க்கத்தான் வழியில்லை, பேரன் சிரிப்பையாவது கேட்க விடமாட்டாயா என்று அந்தப் பெட்டியை நான் திட்டாத திட்டு இல்லை. கடைசியில் பெருமாநல்லூர் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ரத்தினசாமியைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றியதும் உள்ளே பார்க்க வேண்டுமே, விசிறி இருக்கிற இடத்தில் விசிறியே தெரியவில்லை, ஒரு கைப்பிடிப் பஞ்சு. பக்கத்து ஷெட்டில் மிஷின் ஓட ஓடப் பறக்கிற பஞ்சு நம் சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது, அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடுமா. ஏனுங்க அக்கா, இதுல தலகாணியே தைக்கலாமுங்க என்று ரத்தினசாமி சிரித்தார். புளோயர் வைத்து ஊதினார், எனக்குத் தலை நரைத்துப் போயிற்று, அதாவது இருக்கிற நரைக்கு மேலே. இரைச்சல் நின்றது. கடகட சத்தத்துக்குக் காரணம் பக்கத்துத் தகட்டில் ஒரு திருகாணி இல்லை, அதையும் போட்டு, பெட்டிக்கு அடியில் பனியன் வேஸ்ட் துணியை மடித்து வைத்தார், அதுவும் நின்றது. அன்றைக்குத்தான் கண்ணு உன் பயல் சிரிப்பை முதல்முதலாகக் கேட்டேன். விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு, அப்படியே நீ சின்னதில் சிரித்தது. உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. மறுபடி ஒரு சத்தம், இது பெட்டியில் இல்லை, ஸ்பீக்கரில். டிக்கு டிக்கு டிக்கு என்று தட்டி டுர்ர்ர் என்று இழுக்கும், சித்தே நேரம் ஓடும், நின்றுவிடும். எப்போதும் வராது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் விடாமல் வரும். ரத்தினசாமி மறுபடி வந்து பார்த்தார், அவர் வந்தால் சத்தம் வராது, அவர் போனால் வரும். ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், மதர்போர்டு போயிருக்குமுங்க, மாத்திப்போடலாமுங்க என்றார். நான் மாட்டேன் என்றேன், நேற்றுத் தலையணை என்றீர்கள் இன்றைக்கு மதர்போர்டு என்கிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்போது ஸ்பீக்கரில் டிக்கு டிக்கு டுர்ர்ர். பார்த்தீங்களா பார்த்தீங்களா என்று நான் குதிக்கிறேன், உடனே அவர் சட்டைப் பையில் செல் அடிக்கிறது. மனுஷனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அட, இது செல்லு சத்தமுங்க அக்கா, பக்கத்துல செல்லு இருந்து கால் வந்தா ஸ்பீக்கருல இப்பிடித்தானுங்க இழுக்கும், மதர்போர்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத்தான் குழப்பம். எனக்குச் செல் கிடையாது. உங்கப்பாவின் செல் அவர் பையை விட்டு இறங்காது. பின்னே ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் யாருக்குக் கால் வருகிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கப்பா கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் உன் அறையில்தான் படுக்கிறார். அந்த ரூம்புல காத்து நல்லா வருது என்று என்னிடம் சொன்னார். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஷெட் பக்கம், என்ன காற்று வரும், பஞ்சுதான் வரும், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கதவை ஒருக்களித்துக்கொண்டு படுப்பார், எழுந்து கம்பெனியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுப்பார். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான் போனார், நான் சி.டி.யைப் போட்டேன், ஸ்பீக்கர் டுர்ர்ர் என்று ஆரம்பித்தது. விடவில்லை, நிற்கிறது, மறுபடி வருகிறது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒயர் எட்டுகிற வரை அங்கும் இங்கும் காட்டினேன், உன் மேஜை டிராயர் பக்கம் போனதும் சத்தம் கூடிற்று. டிராயரில் மேலே சாம்பிள் பனியன்கள், அடியில் பனியன் வேஸ்ட்டில் சுற்றிச் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு சின்னச் செல், சத்தம் இல்லாமல் வெளிச்சம் மட்டும் மினுக்கு மினுக்கென்று. அதில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அம்மிணி.

இந்த உலகத்தில் உன்னை அம்மிணி என்று கூப்பிடுகிற ஆள் யார் மைதிலி. கீழே நம்பர் இருந்தது, உன் நம்பர், காலண்டருக்குப் பின்னால் நான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேனே அதே நம்பர். நம்மூர் நம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை யாரோ கூப்பிட்டுப் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறார்கள், திருப்பித் திருப்பிக் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, பெரியப்பா ஆட்கள்தான் மிரட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நீ பயந்தாயே, மாப்பிள்ளையும் போலீசுக்குப் போகலாமா என்று கேட்டாரே, அந்த ஆள் வேறு யாரும் இல்லை. நீயாகவே மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு ரயிலேறிய அன்றைக்கு, அவ பேரு இனி இந்த ஊட்டுல கேக்கக் கூடாது என்று உன் பெரியப்பா முன்னால் உங்கப்பா அடித்துச் சொன்னாரே, அதே வீராப்புக்காரர்தான். கம்பெனி செல்லில் கூப்பிட்டால் உனக்கு நம்பர் தெரிந்துவிடும், அதனால் தனியாக ஒன்று வாங்கியிருக்கிறார். டிராயருக்குள் அதிர்ந்தால் எனக்குக் கேட்டுவிடும் என்று பனியன் வேஸ்ட்டை அத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார். ஸ்பீக்கர் காட்டிக்கொடுக்கும் என்று பாவம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்காது, நிட்டிங் மிஷின்களுக்கு நடுவிலேயே நின்று காது மந்தம் என்று உனக்குத்தான் தெரியுமே. எனக்கு வந்த கோபத்துக்கு, ஏன் மனுஷா இத்தனை வேஷம், ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால்தான் என்ன என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. எந்த மடிப்பில் இருந்ததோ அதே மடிப்பில் சுற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டால் அந்தச் செல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவார், மூக்குக்கு மேலே கோபம், உனக்கும் அதே மூக்குத்தான்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், அதில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ நம்பர் மாற்றுவதாகச் சொன்னதற்கு மறுநாள், அவர் சாப்பிடும்போது நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னேன், காது கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன், யாரோ போன் போட்டுப் பேசாமல் வைக்கிறார்களாம், மைதிலி பயந்துபோய் நம்பரை மாற்றப்போகிறாளாம் என்று. இலேசாக ஆழம் பார்க்கலாம் என்றுதான். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பயந்துக்கிட்டாளா என்றார். இத்தனை நாளில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை கண்ணு அது. ஆமாங்க, ராத்தூக்கமே இல்லையாம் என்றேன். அதற்கு மேல் ஒரு கவளம் உள்ளே போகவில்லை, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். டாலர் விழுந்து ஆர்டர் கேன்சலானபோதுகூட இந்த மனுஷன் இப்படி எழுந்ததில்லை.

நேற்று ஞாயிறு. வழக்கம்போல் சாப்பிட்டார், உன் அறைக்குப் போனார். ஒருக்களித்த கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். உன் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார், நெஞ்சின்மேல் அந்தச் செல், அதைத் தடவுகிறார், பார்க்கிறார், அமுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார், அப்புறம் சுற்றி டிராயரில் வைத்துவிட்டு வெளியே வந்தார். உனக்கு நேற்று அந்தப் போன் வந்திருக்காது. மகள் தன்னால் பயப்படுகிறாள் என்று தெரிந்த பிறகு அவர் இனிக் கூப்பிட மாட்டார் மைதிலி, எனக்கு நன்றாகத் தெரியும், நீ நம்பரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்த விரல் இனி அமுங்காது. இருந்த ஒரு வழியையும் நானே வாயைக் கொடுத்து அடைத்துவிட்டேன்.

அதனால் நீதான் கூப்பிட வேண்டும். இதைப் போனில் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அழுதுகொண்டு அவருக்குப் போட்டிருப்பாய், செல் டிராயரில் கிடக்கும், எடுக்க ஆள் இருக்காது. அவர் கையில் அது இருப்பது ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், வருகிற ஞாயிறுக்குள் உனக்கு வந்துவிடும். மூன்று மணி வாக்கில் கூப்பிடு. எடுத்தாலும் பேச மாட்டார், யாருங்க யாருங்க என்று கேட்டு விரட்டாதே. அப்பா என்றும் எடுத்ததும் ஆரம்பித்துவிடாதே, வைத்துவிடுவார். நீ பாட்டுக்குப் பேசு, என்ன குழம்பு வைத்தாய், பனி எப்படிக் கொட்டுகிறது, பயலுக்குப் பல் வந்ததா, அதைச் சொல். பயலைப் பக்கத்தில் வைத்துச் சிரிக்க விடு. மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது, உன் சன்னக் குரல் எல்லாம் வேண்டாம், மிஷின் ஓடும்போது கம்பெனியில் நின்று அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவாயே, அந்தக் குரலில் பேசு. இத்தனை நாள் நீ ஹலோ ஹலோ என்று கத்தியது அவருக்குக் கேட்டதா இல்லையா என்பதே எனக்குச் சந்தேகம்தான், கேட்காமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு காதில் வைத்திருந்தாரோ என்னவோ.

நீயும் மாப்பிள்ளையும் பயலும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தக் கொண்டத்துக்காளியம்மன் கண் எப்போதும் உங்கள் மேல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் போலீசெல்லாம் வேண்டாம் என்று சொல், அடுத்த சி.டி.யில் பயல் தவழுகிறதைப் போடச் சொல். ரத்தினசாமி நேற்று வழியில் பார்த்து, அக்கா அந்த ஸ்பீக்கரு சத்தம் வராத மாதிரி வேற ஸ்பீக்கரு இருக்குது, கொண்டுவரட்டுங்களா என்று கேட்டார். வேண்டாமுங்க, சத்தம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு ஸ்பீக்கரை அணைக்க மறந்தவள் மாதிரி போட்டு வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது டிக்கு டிக்கு என்று தட்டினால் நீ கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும், நான் உள்ளே வர மாட்டேன்.

உன் அம்மா,
தெய்வாத்தாள்