ஐந்து முறை ஊதிய சங்கு

ஆல்டர் ஆறு, மிச்சிகன்
1885 ஜூலை, ஞாயிறு

மாநில மேலவை உறுப்பினர் லெமுவேல் ஹாஸ்கின்ஸ் அவர்களுக்கு, உங்கள் மனைவி தர்ஸா எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைகள் நலம். உங்கள் மர ஆலையும் நலம்; ஒரு பலகைகூடக் கருகவில்லை. தலைநகரில் இருந்துகொண்டு கவர்னரிடம் கேட்டு நீங்கள் வாங்கி அனுப்பிய படை வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என் தம்பி ஏசலைக் கொன்றது.

வேலைநிறுத்தக்காரர்கள் ஆலையைக் கொளுத்த வந்ததாகப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பச்சைப் பொய். மத்தியானம் மரத்தூள் குவியலில் தீப்பிடித்தது. வெயில் காலத்தில் அது தானாகவே பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஃபோர்மேன் ஓரின் பயந்துபோய் ஆலைச் சங்கை ஐந்து முறை ஊதிவிட்டான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் போட்ட சட்டம்தானே? ஒற்றை ரம்பத்தோடு வந்து ஆலை கட்டிய புதிதில், பீப்பாய் மேல் ஏறி நின்று, "சண்டையா இருந்தாலும் சாவா இருந்தாலும், அஞ்சு ஊதுனா அப்படியே போட்டுட்டு ஓடி வரணும்" என்றீர்களே. ஓடி வந்தார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் அறுக்க மாட்டோம் என்று உங்களோடு முறைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவர்கள், வாளியும் மரம் இழுக்கும் துறட்டியுமாக உங்கள் ஆலையைக் காப்பாற்ற ஓடி வந்தார்கள். "அக்கா, மாமாகூட சண்டையை அப்புறம் வச்சுக்கறேன், வாளி எங்க?" என்று ஏசல் சிரித்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வெளியூர்ச் சிப்பாய்களுக்குச் சங்கு தெரியுமா, துறட்டி தெரியுமா? கும்பல் பாய்கிறது என்று சுட்டார்கள். ஏசலுக்குத் தாடையே இல்லை. விழுந்து கிடந்த போலந்துக்காரன் காஸிமிரை ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அசைவு நின்ற பிறகும் அடித்தான். நான் கத்தினேன். "உள்ள போங்கம்மா, உங்க சொத்தைத்தான் காப்பாத்துறோம்" என்றான் கேப்டன். அவன் முகத்தில் காறித் துப்பினேன். வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொள்ளுங்கள்.

தீயை யார் அணைத்தது தெரியுமா? குண்டுக்குத் தப்பியவர்கள். அணைத்து முடித்ததும் அவர்களைத்தான் கட்டி இழுத்துப் போனார்கள், ஆலைக்குத் தீ வைத்ததாக. ஓரினைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "ஐயா என்ன சொல்றாரோ அதாம்மா நான் பாத்தது" என்கிறான்.

ஆக, சொல்ல வேண்டியவர் நீங்கள். வருகிற வெள்ளிக்கிழமை வழக்கு. அந்த ஐந்து சங்குக்கு அர்த்தம் என்ன என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொன்னால் அவர்கள் வீடு திரும்புவார்கள். உங்கள் பதவி போகும். போகட்டும்.

சங்கை இழுத்து ஊதும் கயிற்றை நான் அறுத்துவிட்டேன். இனி அதைக் கேட்டு யாரும் ஓடி வந்து சாக வேண்டாம். அதனால் இந்தக் கடிதத்தையே ஐந்து சங்காக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் உங்களுக்கும்தான். எதுவாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வாருங்கள்.

கடவுள் உங்கள் காதைத் திறக்கட்டும். ஏசலின் வாளி வாசலில்தான் இருக்கிறது. நீங்கள் வரும்வரை அதைக் கழுவ மாட்டேன்.

அதுவரை,
ஏசலின் அக்கா,
தர்ஸா