ஐந்து ஓடும் ஒரே பூச்சி

பூலாம்பாடி மகாராணிக்கு,

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் பொறுக்கிய, கல்லாகிப்போன கடுகளவு கடல்பூச்சி ஓடுகளை, ஐந்து புது இனம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே! "ஒரே பூச்சிதாங்க, சின்னதுலேருந்து பெருசா வளந்திருக்கு" என்றாய். "உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். நீ அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாய்.

நேற்று கல்லூரிப் பேராசிரியர் லென்ஸில் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார். வளர வளர பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டிருக்கு."

எதிர்வீட்டுப் பரிமளா அதற்குள் நம் குன்னம் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டாள்: "வாத்தியாருக்கே வாத்தியார் அவரு சம்சாரம்தான்!"

ஓடுகளை வரிசையாக அட்டையில் ஒட்டி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். எழுத்து கோணல்தான், வந்து திருத்து. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஐம்பது வயதில் முதல் ஓட்டைக் கழற்றிய
உன் வீட்டுக்காரன்