மேலேயிருந்து கேட்ட உன் குரல்

மகளின் பள்ளி முகாமுக்காகப் போன வாரம் ஒரு கூடாரம் வாங்கி வந்தேன். சுருட்டி உறைக்குள் அடைத்திருந்ததை வரவேற்பறையில் பிரித்ததும் புது நைலான் துணியின் வாடை குப்பென்று எழுந்தது. மகள் கம்பிகளை ஒன்றோடொன்று செருகிக்கொண்டிருந்தாள். நான் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் சிரம்பான் பக்கம் செனவாங்கில் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். இயந்திரம் பழுதானால் வந்து பார்க்கும் மலாய்க்காரர் ரம்லிதான் ஒரு நாள் கேண்டீனில் அந்தப் படத்தைக் காட்டினார். வில் போல வளைந்த துணிக்குக் கீழே, கயிறுகளில் தொங்கும் இருக்கையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர்தானாம். பயிற்சி எடுத்துக்கொண்டு, யாரோ பயன்படுத்திய பாராகிளைடர் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். பறக்கத்தான் இடமில்லை. மரமில்லாத, காற்றைப் பார்த்த ஒரு சரிவு வேண்டும் என்றார்.

"எடம் எனக்குத் தெரியும்," என்றாய் நீ, அவரிடம் நாம் பேசும் மலாயில். "ஆனா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லித் தரணும்."

நான் சோற்றை விழுங்காமல் உன்னைப் பார்த்தேன். என்னை யார் கேட்டார்கள்?

அந்த இடம் லாபு பக்கம் நீ பிறந்த தோட்டம். கிழட்டு ரப்பர் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுவதற்காக ஒரு மலையையே மொட்டையடித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் உன் அம்மாவோடு ரப்பர் பால்வாளி தூக்கிக்கொண்டு நீ ஏறிய மலை அது. மேனேஜரிடம் அனுமதி கேட்க நாங்கள் தயங்கி நின்றபோது, தொழிற்சாலைச் சட்டையோடு நீயே அலுவலகத்துக்குள் போனாய். "கேட்டா என்ன, அடிச்சிடவா போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனவள், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய்.

உன் அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. அப்பா இறந்த பிறகு நீங்கள் தோட்டத்தை விட்டுப் பாரோயில் வீடு எடுத்துக் குடிவந்திருந்தீர்கள். வீட்டுக்கு மூத்த பெண் நீ. ஞாயிறு விடியற்காலையில் கிளம்பும்போதெல்லாம் 'ஓவர்டைம்' என்று சொல்லிவிட்டு வந்தாய்.

பறக்கலாம் என்று போன நம்மை ரம்லி பல வாரம் ஓடத்தான் விட்டார். துணியைச் சரிவில் பிறை போல விரிக்க வேண்டும். சிக்கலில்லாமல் கயிறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலில், இடுப்பில், மார்பில் பட்டைகளை மாட்டி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, முன்கயிறுகளைப் பிடித்தபடி ஓட வேண்டும். துணி பின்னாலிருந்து காற்றைக் குடித்து எழும்பும். நம்மை யாரோ தோளைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். அந்த இடத்தில்தான் எனக்குக் கால் நின்றுவிடும். உனக்கோ கால் வேகம் எடுக்கும். நிமிர்ந்து துணியைப் பார்த்து, அது தலைக்கு நேராக வந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, குனிந்து இன்னும் ஓடுவாய்.

கால் தரையை விட்டதுமே பட்டையில் உட்கார்ந்துவிடத் தோன்றும். உட்கார்ந்தால் போச்சு, துணி மறுபடி இறங்கி நம்மைத் தரையில் தேய்த்துவிடும். "ஜாங்கான் டுடுக் டுலு!" என்று ரம்லி மேலேயிருந்து கத்துவார். அதற்குள் உட்காராதே என்று அர்த்தம். நான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன். என் பின்பக்கம் லாலாங் புல்லில் உரசி எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. நீ அந்த மலாய் வாக்கியத்தைத் தொழிற்சாலைக்கே கொண்டு வந்துவிட்டாய். மணி அடிக்குமுன் யாராவது நாற்காலியில் சாய்ந்தால் போதும், "ஜாங்கான் டுடுக் டுலு லா!" என்பாய். மேசையே சிரிக்கும்.

முதல் தடவை நீ உண்மையாகப் பறந்த காலை எனக்கு மறக்காது. மலையுச்சியிலிருந்து தோட்டத்துப் பந்துத் திடல் வரைக்கும்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிட்டாய். திரும்ப வேண்டிய பக்கம் பார்த்து, அந்தப் பக்கத்துக் கயிற்றின் பிடியை மெல்ல இழுத்துத் திரும்பினாய். தரை நெருங்கியதும் காலைத் தொங்கவிட்டு, இரண்டு பிடியையும் கீழே வரை இழுத்து, படியிறங்குவது போல இறங்கினாய். நான் ஓடி வந்தேன். நீ என் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்துக் காட்டினாய். அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஓடுவதை விட்டுவிட்டேன். திடலில் வாக்கி-டாக்கியோடு நிற்பது என் வேலையாயிற்று. மேலே ரம்லியிடம் ஒன்று, பறப்பவர் மார்புப் பட்டையில் ஒன்று, என்னிடம் ஒன்று. பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியது. மலையில் காத்துக்கொண்டே இருந்தீர்கள். வெயில் ஏறுவதற்குள் மூட்டை கட்டிவிடுவதுதான் ரம்லியின் வழக்கம். வெட்டவெளி மண் சூடானால் காற்று மேல்நோக்கிக் கிளம்பும், புதியவர்களுக்கு ஆகாது என்பார். அன்று மூட்டை கட்டப் போகும் நேரத்தில் காற்று திரும்பியது. "ஒரே ஒரு தடவ லா, ரம்லி," என்று நீ கேட்டது வாக்கி-டாக்கியில் எனக்கும் கேட்டது.

அழகாகத்தான் ஓடினாய். ஆனால் திடலை நோக்கி இறங்கவில்லை. மலைக்கு முன்னால் வந்ததும், யாரோ கீழிருந்து தூக்கிக் கொடுத்ததுபோல, நின்ற இடத்திலேயே மேலே போனாய்.

"ஏய்! பள்ளிக்கூடம் தெரியுதுடி! கோயில் தெரியுது! ரயில் ரோடு தெரியுது!"

உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். ரம்லி பதில் சொல்லவில்லை. நான் பொத்தானை அழுத்தி, "கீழ வா, போதும்," என்றேன். நீ அதைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போனாய். உன் மூச்சு, பட்டை உரசுவது, காற்றின் சீழ்க்கை, எல்லாம் இடைவெளியே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் புரிந்தது. நீ இருக்கையில் சாய்ந்ததும் மார்புப் பட்டை பொத்தானை அழுத்திக்கொண்டுவிட்டது. நீ பேசுவது எல்லாம் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது எதுவுமே உனக்குக் கேட்காது.

மலைமேல் ரம்லி இரண்டு கைகளையும் வீசுவது எனக்குத் தெரிந்தது. லிங்கிப் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. நீ ஒரு துண்டுத் துணியாகச் சிறுத்துக்கொண்டிருந்தாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் அம்மா திடலுக்குள் வந்தார். தோட்டத்து ஆள் யாரோ பாரோய்க்குச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். கையில் குடை, முகம் நிறையக் கோபம். "எங்க அவ? ஓவர்டைமா பாக்குறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

"ரம்லி, ஏன் பேச மாட்டேங்குறீங்க? ஆன்சர் லா," என்றது என் கையிலிருந்த பெட்டி. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். "எங்கடி போய்ட்ட? யாருமே இல்லையா கீழ?"

உன் அம்மாவின் கோபம் அந்தக் குரலைக் கேட்டதும் இறங்கிவிட்டது. அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். நான் தடுக்கவில்லை.

மழை உன்னை முதலில் தொட்டிருக்க வேண்டும். "நனையுது," என்றாய். பிறகு உன் குரல் மாறியது. "மாரியம்மா, எறக்கி விட்டுரு. அம்மாகிட்ட ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு வந்தேன். அம்மா, கோவிச்சுக்காதம்மா. அம்மா..."

"கோவிக்கலம்மா. நான் திட்ட மாட்டேன். எறங்கி வா," என்றார் உன் அம்மா, பெட்டியை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு. "இங்கதான் நிக்கிறேன். திடல்லதான் நிக்கிறேன். எறங்கி வா, தங்கம்."

அது உன்னிடம் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

நீ மலைக்கு அப்பால் மறைந்துவிட்டாய். குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது நீ எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். "கைய மேல விடு. துணியப் பாரு. ஓரக் கயிறு, ஓரக் கயிறுன்னாரே. ரெண்டு பக்கமும் ஒண்ணா இழு." அதிக உயரம் போய்விட்டால் துணியின் இரண்டு ஓரங்களையும் மடக்கினால் கீழே இறங்கும் என்று ரம்லி ஒரு நாள் டீ குடிக்கும்போது வாயால் சொன்னதுதான். செய்து பார்த்ததில்லை. "எறங்குது," என்றாய். "எறங்குதுடி. கீழ ரப்பர் மரமா இருக்கு." உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு முறிவுச் சத்தம், இலைகளின் இரைச்சல், அப்புறம் எதுவுமே இல்லை.

ரம்லியும் தோட்டத்து ஆண்களும் மோட்டார் சைக்கிள்களில் போனார்கள். கொட்டும் மழையில் நானும் ஒருவர் பின்னால் உட்கார்ந்து போனேன். அடுத்த தோட்டத்தின் எல்லையில், வெட்டாமல் விட்டிருந்த பழைய ரப்பர் மரங்களில் துணி கந்தலாகத் தொங்கியது. கயிறு அறுந்து நீ கீழே விழுந்திருந்தாய். சேற்றில் மல்லாந்து கிடந்தாய்; கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் நீ கேட்டது இதுதான்: "எங்கடி போயிருந்தீங்க எல்லாரும்?"

கணுக்காலும் முதுகெலும்பும் உடைந்திருந்தன. சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் நீ அசையாமல் கிடந்த வாரங்களில் ரம்லி தினமும் வந்து வாசலருகே நின்றார். உள்ளே வரச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நடந்ததை நான் உனக்குச் சொன்னேன். நீ பேசியது எங்களுக்கு எல்லாமே கேட்டது என்றதும் நீ போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாய். "மாரியம்மாவக் கூப்பிட்டதுமா?" என்றாய். அதுவும்தான்.

வராந்தாவில் ஒரு நாள் உன் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க பேசுனது அவளுக்குக் கேக்கலம்மா. தெரியுமா?"

"தெரியும்மா," என்றார். "நான் பேசப் பேச அவ பாட்டுக்குத் தனியா பேசிக்கிட்டுதான இருந்தா. அதுக்காகப் பேசாம நிக்க முடியுமா?"

நீ எழுந்து நடந்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஓடவில்லை. மலையில் செம்பனை வளர்ந்துவிட்டது. உனக்குக் கல்யாணம் ஆயிற்று, எனக்கும் ஆயிற்று. நீ பறந்ததைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டாய். நான் சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுவாய். ஒரே ஒரு தடவை, என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவள், ஜன்னலோரம் நின்று, "மேல போனப்ப கொஞ்ச நேரம் ரொம்ப நல்லா இருந்துச்சுலா," என்றாய். நான் ஏதோ கேட்பதற்குள் குழந்தை அழுதது.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வாரத்துக்கு வாரம். கையைப் பிடிக்கலாம் என்றால் அதில் குழாய். காலைப் பிடித்துவிடுவேன். எந்த மருத்துவரைப் பார்க்கலாம், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போன ஒரு நாள், நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: "இதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுலா. நீ சும்மா உக்காந்திரு." உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றுமில்லை. நீ போன அன்றும் உட்கார்ந்துதான் இருந்தேன்.

உன் அம்மா இன்னும் பாரோயில்தான் இருக்கிறார், உன் தம்பியோடு. நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. சில நாள் என் பெயர் வருவதில்லை. சாப்பிட்டதும் மறந்துவிடுகிறது. ஆனால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், என் முழங்கையைத் தொட்டுக் கேட்கிறார்: "அன்னிக்கு மேலேர்ந்து என்னம்மா சொன்னா அவ?"

அந்தக் குரலைக் கேட்டவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவருக்கு மறக்க மறக்க, அது என்னிடம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் ஒரு சொல்லும் விடாமல் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் தெரியுதுன்னு சொன்னா, கோயில் தெரியுதுன்னு சொன்னா, ரயில் ரோடு தெரியுதுன்னு சொன்னா என்று உன் சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே வருவேன். நீ பயந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன்.

அவர் விடுவதில்லை. மறுபடி என் முழங்கையைத் தொடுவார்.

"அப்புறம் என்னைக் கூப்புட்டா, இல்ல?"

"ஆமாம்மா," என்கிறேன். "கூப்புட்டா."