மஞ்சள் துண்டு கட்டிய கயிறு

அக்கா, இன்று ஆடிப்பெருக்கு. புது மஞ்சள் கயிற்றை நீட்டிய மாமியார், "பழசெல்லாம் தண்ணில வுட்டுடும்மா" என்றார். என்னிடம் பழசு இரண்டு. தாலி கோர்த்திருந்த கயிற்றை மாற்றிக்கொண்டேன். உங்களுடையதை டிபன் பைக்குள் ஒளித்து வைத்தேன். மஞ்சள் வாசம் இன்னும் கையில் இருக்கிறது.

கல்யாணமாகி நான்காம் நாள் ஒரகடம் கம்பெனிக்குத் திரும்பினேன். கேட்டில் மெஷின் கத்தியது. லைனுக்குள் உலோகம் கூடாது. தாலி, மெட்டி எல்லாம் லாக்கரில் வைக்க வேண்டும். தெரிந்த ரூல்தான். ஆனால் கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிஷம். நானோ கான்ட்ராக்ட், உள்ளே போகாவிட்டால் வேலை போய்விடும். அழுகை முட்டியது.

"இன்னாடி, இதுக்கா அழுவுற?" என்று, என் லைனிலேயே வேலை பார்த்த நீங்கள் லாக்கர் ரூமுக்கு என்னை இழுத்துப் போனீர்கள். உங்கள் காலருக்குள்ளிருந்து ஒரு கயிற்றைக் கழற்றினீர்கள். தங்கம் இல்லை, ஒரு துண்டு மஞ்சள் கிழங்குதான். "மொதல்ல இத்த கட்டிக்கோ, அப்பால அத்த கழட்டு. கழுத்தும் காலியாவாது, மெஷினும் கத்தாது."

கட்டிவிடக் கிட்டே வந்தீர்கள். சும்மா இருக்காமல், "உங்க தாலி லாக்கர்லயாக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எனுக்கு ஏதுடி? அவரு போயி ரெண்டு வருஷம் ஆவுது. பஸ்ல எவனும் வாலாட்டக் கூடாதுன்னு இத்த கட்டிக்கினு கீறேன்."

நான் பின்னால் நகர்ந்தேன். ஒரே ஒரு அடி. புதுப் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். நீட்டிய உங்கள் கை அப்படியே நின்றது. பிறகு கயிற்றைப் பெஞ்சின் மேல் வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "நீயே எடுத்து கட்டிக்கோ. நான் தொடல."

வேறு வழியில்லாமல் கட்டிக்கொண்டேன். வேலை தப்பியது.

மறுநாளிலிருந்து உங்கள் கழுத்தில் ஒன்றுமில்லை. வேறு கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, "போதும்டி" என்றீர்கள். கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டுக்காரன் தினமும் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தான். வல்லத்தில் நீங்கள் குடியிருந்த வீட்டு ஓனரம்மா, புருஷன் இல்லாததை இத்தனை நாள் மறைத்தாயே என்று காலி செய்யச் சொன்னார். என்னை நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்போதும் போலச் சோற்றைப் பங்கு போட்டீர்கள். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன், வெட்கங்கெட்டவள். காய்ச்சல் என்று லீவில் போன நீங்கள் திரும்பவேயில்லை.

நாளை காலை ஷிப்ட். தாலியைக் கழற்றும் முன் உங்கள் கயிற்றைத்தான் கட்டிக்கொள்வேன். மூன்று வருஷமாக அப்படித்தான் உள்ளே போகிறேன்.

அவர் நன்றாக இருக்கிறார், அக்கா. அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.